ஒரு சாண் தொடர்வண்டி

(செய்முறைக் கட்டுரை)

நுழையும் முன்

கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குத் தொடர்வண்டியில் நெடும்பயணம் செய்திருப்பீர்கள். நீங்கள் ஏறிய பெட்டியின் எண் நினைவில் இருக்கும். படுத்துறங்கிய இருக்கையின் எண்ணும் நினைவில் இருக்கும். அந்தப் பெட்டிக்கு எத்தனை சக்கரங்கள் என்று கேட்டால் எத்தனை பேரால் உடனே விடை கூற முடியும்? நாள்தோறும் கண்ணில் படும் பொருள்களை உற்றுநோக்கக் கற்றுத்தரும் ஒரு பொழுதுபோக்கைப் பற்றி இப்பாடத்தில் படிப்போம்.

பொம்மையும் மாதிரியும்

கடைத்தெருவில் விற்கும் நெகிழித் தொடர்வண்டி ஒரு பொம்மை. அதன் சக்கரங்கள் மிகப் பெரியவையாக இருக்கும். பெட்டிகள் குட்டையாக இருக்கும். சாளரங்கள் நான்கே நான்கு இருக்கும். குழந்தையை மகிழ்விப்பதே அதன் நோக்கம் என்பதால் அதில் குறை காண வேண்டியதில்லை.

அளவு மாதிரி என்பது வேறு. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம், அதன் ஒவ்வோர் உறுப்பு ஆகிய அனைத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யும் சிற்றுருவே அளவு மாதிரி எனப்படும். அதில் சக்கரம் நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் சாளரமும் நூறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். கதவின் கைப்பிடியும் அவ்வாறே குறைய வேண்டும். அளவு மாறலாம், விகிதம் மாறக்கூடாது. இக்கலையின் முதல் விதியும் முடிவான விதியும் இதுவே.

தமிழ்நாட்டுச் சிற்பிகளுக்கு இவ்விதி புதிதன்று. ஒரு சிலையைச் செய்யத் தொடங்கும் சிற்பி, முகத்தின் நீளத்தைப்போல் உடலின் உயரம் எத்தனை மடங்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்கிறார். இம்முறைக்குத் தாளம் என்று பெயர். ஒன்பது மடங்கு உயரம் நவதாளம் எனப்படும். இவ்விகிதம் பிழைபடாவிட்டால், உள்ளங்கையில் அடங்கும் செப்புத்திருமேனியும் ஆளுயரக் கற்சிலையும் ஒரே அழகுடன் விளங்கும்.

விகிதத்தைப் படிப்பது எப்படி?

நிலப்படத்தின் கீழே 1:50,000 என்று அச்சிட்டிருப்பதைச் சமூக அறிவியல் பாடத்தில் கண்டிருப்பீர்கள். மாதிரிகளிலும் அவ்வாறே குறிப்பர். 1:72 என்றால், மாதிரியில் 1 அங்குலம் உண்மைப் பொருளில் 72 அங்குலம் என்பது பொருள். 72 அங்குலம் என்பது 6 அடி. ஆகவே இவ்விகிதத்தில் ஆறடி உயர மனிதர் ஓர் அங்குல உயரம் உடையவராகிவிடுவார். உலகெங்கும் விமான மாதிரிகள் பெரும்பாலும் 1:72 அல்லது 1:48 என்னும் விகிதத்தில் செய்யப்படுகின்றன. தொடர்வண்டி மாதிரிகளில் 1:87 என்பது பெருவழக்கு. அதற்கு எச்.ஓ. என்று பெயர்.

எச்.ஓ. மாதிரிகள் ஓடும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரும்பாலான தண்டவாளங்களின் இடைவெளியாகிய 1,435 மி.மீ. அளவை 87 ஆல் வகுத்தால் ஏறத்தாழ இவ்வளவு வரும். நம் நாட்டு அகலப்பாதையின் இடைவெளியோ 1,676 மி.மீ. அதனை 87 ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. கிடைக்கும். எனவே 1:87 விகிதத்தில் செய்த இந்தியப் பெட்டிக்கு, கடையில் விற்கும் தண்டவாளம் ஏறத்தாழ 3 மி.மீ. குறுகலாக இருக்கும். 100 ஆல் வகுத்துப் பாருங்கள், 16.76 மி.மீ. கிடைக்கும். கடைத் தண்டவாளத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கால் மில்லிமீட்டர் அளவே. ஆகவே இந்தியத் தொடர்வண்டியை மாதிரியாகச் செய்ய விரும்புவோர்க்கு 1:100 மிகப் பொருத்தமான விகிதம். அதில் கணக்கிடுவதும் எளிது.

பள்ளிப்பிள்ளைகள் செய்த விமானங்கள்

இரண்டாம் உலகப்போரின்போது, 1942 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஓர் உதவியை வேண்டியது. வானில் தொலைவில் வரும் விமானம் தம்முடையதா, பகைவருடையதா என்பதை அதன் உருவத்தைக் கொண்டே வீரர்கள் கண்டறிய வேண்டும். பிழையாகக் கண்டறிந்தால் தம்மவரையே சுட நேரிடும். இப்பயிற்சிக்காக 5 இலட்சம் விமான மாதிரிகளைச் செய்து தருமாறு மாணவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

வரைபடங்கள் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. மாணவர்கள் பள்ளிப் பட்டறைகளில் மரத்தைச் செதுக்கி, 1:72 விகிதத்தில் மாதிரிகளைச் செய்து, கறுப்பு வண்ணம் பூசினர். அவ்விகிதத்தில் அமைந்த மாதிரியை 35 அடி தொலைவில் வைத்துப் பார்த்தால், உண்மையான விமானத்தை 2,520 அடி தொலைவில், அதாவது ஏறத்தாழ அரை மைல் தொலைவில், பார்ப்பதுபோல் தோன்றும். செய்த மாதிரிகள் அச்சுத்தகடுகளோடு பொருத்திச் சோதிக்கப்பட்டன. சிறகு சற்றே நீண்டிருந்தாலும் அது வேறொரு விமானமாகத் தோன்றிவிடும். அதனால் அழகாக இருந்தால் மட்டும் போதவில்லை. சரியாக இருக்க வேண்டியிருந்தது. நாட்டின் பெரும்பொறுப்பு ஒன்று, உங்கள் வயதுடையோரை நம்பி ஒப்படைக்கப்பட்டது.

சிறியதிலிருந்து பெரியதற்கு

1878 ஆம் ஆண்டில் ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்குப் பறக்கும் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், தாள் ஆகியவற்றால் ஆன அது, முறுக்கிய ரப்பரின் விசையால் மேலெழுந்து பறந்தது. பொம்மை உடைந்தபின் அப்பிள்ளைகள் அதைப்போலவே தாமே செய்து பறக்கவிட்டனர். பின்னர் இன்னும் பெரியதாகச் செய்தனர். பெரியவை சரியாகப் பறக்கவில்லை. நீளம் இருமடங்கானால் எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது அந்நாளில் தங்களுக்குத் தெரியாது என்று பிற்காலத்தில் அவர்களே எழுதினர். அப்பிள்ளைகளே வில்பர் ரைட், ஆர்வில் ரைட் சகோதரர்கள். அப்போது மூத்தவருக்கு வயது 11. இளையவருக்கு வயது 7.

வளர்ந்தபின்னும் அவர்கள் மாதிரிகளைக் கைவிடவில்லை. 1901 ஆம் ஆண்டில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, ஏறத்தாழ 200 வகையான சிறு சிறகுகளைச் செய்து அதில் சோதித்தனர். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய விமானம் மனிதரைச் சுமந்து பறந்தது.

இன்றும் அறிஞர்கள் இவ்வழியையே பின்பற்றுகின்றனர். 1916 இல் தொடங்கப்பெற்று, இப்போது புனே அருகே கடக்வாஸ்லாவில் இயங்கிவரும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் அணைகள், ஆறுகள், துறைமுகங்கள் ஆகியவற்றின் மாதிரிகளை அமைத்து நீரை ஓடவிட்டு ஆராய்கின்றனர். தமிழ்நாட்டில் பூண்டியிலும் இத்தகைய ஆய்வு நிலையம் உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகங்களின் காற்றுச் சுரங்கத்தில் விமானங்களின் மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன. மாதிரி உடைந்தால் சில நாள் உழைப்புத்தான் வீணாகும். அணை உடைந்தால் எத்தனை ஊர்கள் அழியும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தெரிந்து தெளிவோம்

நெட்டி என்பது நீர்நிலைகளில் வளரும் ஒரு செடி. அதன் எடையற்ற வெண்ணிறத் தண்டைச் சீவித் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலின் மாதிரியைச் செய்கின்றனர். முதலாம் இராசராசன் எழுப்பிய அக்கோயில் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. 1:216 விகிதத்தில் செய்தால் மாதிரியின் உயரம் 1 அடியாக இருக்கும்.

செய்து பார்ப்போம்

நெடுந்தொலைவு செல்லும் பல வண்டிகளில் இப்போது எல்.எச்.பி. வகைப் பெட்டிகள் இணைக்கப்பட்டுள்ளன. இவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளுள் ஒன்று, சென்னைப் பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பெற்ற ஐ.சி.எஃப். தொடர்வண்டிப் பெட்டித் தொழிற்சாலை. நீங்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், உங்கள் ஊர் நிலையத்தில் வந்து நிற்கும் பெட்டி சென்னையில் பிறந்ததாக இருக்கக்கூடும்.

அப்பெட்டியின் அளவுகள் (மி.மீ.):

பெட்டியின் நீளம்: உண்மையில் 23,540, மாதிரியில் 235.4
அகலம்: உண்மையில் 3,240; மாதிரியில் 32.4
தண்டவாளத்திலிருந்து கூரை வரை உயரம்: உண்மையில் 4,039, மாதிரியில் 40.4
இரு சக்கரத் தொகுதிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு: உண்மையில் 14,900, மாதிரியில் 149
சக்கரத்தின் விட்டம்: உண்மையில் 915, மாதிரியில் 9.2

மாதிரியின் நீளம் ஏறத்தாழ ஒரு சாண். பெட்டியின் அடியில் இரண்டு சக்கரத் தொகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு சக்கரங்கள் உள்ளன. ஆகப் பெட்டிக்கு எட்டுச் சக்கரங்கள்.

தேவையான பொருள்கள்: பழைய திருமண அழைப்பிதழ் அட்டைகள், வரைபடத்தாள், இரும்பு அளவுகோல், தாள் வெட்டும் கத்தி, வெள்ளைப் பசை, சட்டைப் பெட்டியின் ஒளிபுகும் நெகிழித்தாள், சிறு பொத்தான்கள் எட்டு, நீர்வண்ணம்.

1. பெட்டியை நேர் பக்கவாட்டில் காட்டும் படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் தொலைவில் உள்ள பகுதி சிறுத்துக் காணப்படும். அது பயன்படாது.

2. சாளரம், கதவு போன்றவற்றின் அளவைப் படத்திலிருந்தே கணக்கிடலாம். படத்தில் பெட்டியின் நீளம் 118 மி.மீ. எனக் கொள்வோம். மாதிரி அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே படத்தில் 6 மி.மீ. அகலமுள்ள சாளரம் மாதிரியில் 12 மி.மீ. அகலம் உடையதாகும். சுவரின் உயரத்தையும் இவ்வாறே கண்டறியுங்கள். சக்கரங்களுக்குரிய இடம் சுவரின் கீழே தனியாக இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

3. வரைபடத்தாளில் வரைந்து, அட்டைக்கு மாற்றுங்கள். மடிப்பதற்கு முன்பே சாளரங்களை வெட்டிவிடுங்கள். மடித்தபின் வெட்டினால் சுவர் கிழிந்துவிடும். வெட்டும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். கத்தியை ஒரே முறை அழுத்தி இழுக்காமல், மூன்று நான்கு முறை மெல்ல இழுங்கள்.

4. மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அழுத்தி வரைந்தால் மடிப்பு நேராக அமையும்.

5. சுவர்கள் உட்குழியாதிருக்க, உள்ளே நான்கைந்து குறுக்கு அட்டைகளை ஒட்டுங்கள். சாளரங்களின் உட்புறத்தில் நெகிழித்தாளைப் பொருத்துங்கள்.

6. கூரை அட்டையை உருண்டையான பென்சிலின்மேல் உருட்டினால் அது வளைந்து கொடுக்கும். இறுதியில் ஒட்ட வேண்டியது கூரையே.

7. சட்டைக் கழுத்துப்பட்டியில் தைக்கும் சிறு பொத்தான்கள் ஏறத்தாழ 9 அல்லது 10 மி.மீ. விட்டம் உடையவை. அவற்றைச் சக்கரங்களாகக் கொள்ளலாம். அட்டை ஊறாதபடி வண்ணத்தைக் குறைந்த நீரில் குழைத்து, இரண்டு முறை பூசுங்கள்.

எச்சரிக்கை: அளவெடுப்பதற்காகத் தண்டவாளத்தில் இறங்குவதோ, ஓடும் வண்டியின் அருகில் செல்வதோ கூடாது. நடைமேடையிலிருந்து பார்த்துக் குறிப்பெடுத்தால் போதும்.

ஆறு கைகள் செய்த வண்டி

நான் தமிழ் கற்பிக்கும் வடமாநிலப் பள்ளி ஒன்றில், ஆண்டின் நடுவே மாணவி ஒருத்தி ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். தந்தைக்குப் பணியிட மாற்றம். அவளுக்கு அது நான்காவது பள்ளி. இந்தி சரளமாக வராததால் முதல் இரண்டு வாரங்கள் அவள் யாரிடமும் பேசவில்லை. ஒருநாள் உணவு இடைவேளையில், காலணிப் பெட்டி ஒன்றிலிருந்து அட்டையால் செய்த தொடர்வண்டிப் பெட்டியை வெளியே எடுத்தாள். அடுத்த இருக்கையில் இருந்த பஞ்சாபிச் சிறுவன் அதைக் கையில் வாங்கி, விரலால் சக்கரங்களை எண்ணினான். பிறகு அளவுகோலை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அம்மாதம் ஆறு பேர் ஆளுக்கொரு பெட்டி செய்தனர். அவர்களின் வீடுகளில் நான்கு மொழிகள் பேசப்பட்டன. ஒருவன் மட்டும் அளக்காமல் கண்மதிப்பில் செய்தான். தனியாகப் பார்த்தபோது அவனுடைய பெட்டிதான் மிக அழகாக இருந்தது. மற்றவற்றோடு இணைத்தபோது கூரை அரை விரல் உயர்ந்து நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் அவனே வேறொன்று செய்து கொண்டுவந்தான். ஆறு பெட்டிகளும் இணைந்தபோது வண்டியின் நீளம் ஏறத்தாழ 141 செ.மீ. வெவ்வேறு கைகள் வெவ்வேறு வீடுகளில் செய்த பெட்டிகளை ஒரே வண்டியாக்கியது அவர்கள் ஒப்புக்கொண்ட ஒரே விகிதந்தான்.

அடுத்த ஆண்டில் அம்மாணவியின் தந்தைக்கு மீண்டும் மாற்றல் வந்தது. பெட்டியை அவள் எடுத்துச் செல்லவில்லை; வண்டியில் இடைவெளி விழுந்துவிடும் என்றாள். அளவுகள் எழுதிய குறிப்பேட்டை மட்டும் எடுத்துச் சென்றாள். அது இருந்தால் எந்த ஊரிலும் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளலாம் அல்லவா?

இதனால் என்ன பயன்?

“இதற்கு மதிப்பெண் உண்டா?” என்று வீட்டில் கேட்கலாம். மதிப்பெண் கிடையாது. ஆயினும் கணக்குப் பாடத்தின் விகிதம் கைக்கு வந்துவிடும். நீளம் பாதியானால் பரப்பு கால்பங்காகும், கனஅளவு அரைக்கால் பங்காகும் என்பதை அட்டையை வெட்டியவர்கள் மறப்பதில்லை. “செலவு மிகுமே” என்றும் கூறலாம். விலையுயர்ந்த தொகுப்புகள் கடைகளில் உண்டு. அவற்றைக் கொண்டுதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அழைப்பிதழ் அட்டையும் பொத்தானும் எல்லா வீடுகளிலும் கிடைக்கும்.

உங்கள் முதல் மாதிரி கோணலாகத்தான் வரும். பசை வழிந்திருக்கும், சாளரம் ஒன்று சாய்ந்திருக்கும். அதனைப் பாதியில் எறிந்துவிடாமல் முடித்து, தேதியிட்டு வைத்திருங்கள். மூன்றாவது பெட்டியை அதன் அருகில் வைக்கும் நாளில், உங்கள் கையும் கண்ணும் எவ்வளவு தொலைவு கடந்து வந்துள்ளன என்பது உங்களுக்கே விளங்கும். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று அந்தப் பெட்டியைப் பாருங்கள். அது உங்களுக்குப் புதியதாகத் தோன்றும்.

சொற்பொருள்

சாண் – விரித்த கையின் கட்டைவிரல் நுனிமுதல் சிறுவிரல் நுனிவரை உள்ள நீளம்
சிற்றுரு – சிறிய வடிவம்
பெருவழக்கு – பலராலும் பின்பற்றப்படுவது
கண்மதிப்பு – அளக்காமல் பார்வையால் மதிப்பிடுதல்
அரைக்கால் – எட்டில் ஒரு பங்கு

வழக்குச் சொல்லும் தமிழ்ச் சொல்லும்

ரயில் – தொடர்வண்டி. ஸ்கேல் – அளவுகோல். மாடல் – மாதிரி. பிளாஸ்டிக் – நெகிழி. ஜன்னல் – சாளரம். பிளாட்பாரம் – நடைமேடை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.

1. இந்திய அகலப்பாதையின் தண்டவாள இடைவெளி ______
(க) 1,000 மி.மீ. (ங) 1,435 மி.மீ. (ச) 1,676 மி.மீ.

2. 1:72 விகிதத்தில் ஆறடி உயர மனிதரின் மாதிரி ______ உயரம் இருக்கும்.
(க) 1 அங்குலம் (ங) 6 அங்குலம் (ச) 1 அடி

3. முகத்தைப்போல் ஒன்பது மடங்கு உயரம் ______ எனப்படும்.
(க) நெட்டி (ங) நவதாளம் (ச) விமானம்

ஆ. பிரித்து எழுதுக.

1. சிற்றுரு 2. நெடும்பயணம் 3. ஒவ்வோர் 4. வெண்ணிறம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பொம்மைக்கும் அளவு மாதிரிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. இந்தியத் தொடர்வண்டி மாதிரிக்கு 1:100 ஏன் பொருத்தமானது?
3. அமெரிக்க மாணவர்கள் செய்த மாதிரிகள் ஏன் கடுமையாகச் சோதிக்கப்பட்டன?

ஈ. பத்து வரிகளில் விடை எழுதுக.

1. அணையைக் கட்டும் முன் அதன் மாதிரியை அமைத்து ஆராய்வதன் தேவையை விளக்குக.
2. கண்மதிப்பில் செய்த மாணவன் தன் பெட்டியை மீண்டும் செய்தது ஏன்? அவன் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

உ. கணக்கிட்டு எழுதுக.

கன்னியாகுமரியில் உள்ள திருவள்ளுவர் சிலையின் பீடம் 38 அடி. சிலை 95 அடி. 1:38 விகிதத்தில் மாதிரி செய்தால் பீடத்தின் உயரம் எவ்வளவு? சிலையின் உயரம் எவ்வளவு? விடைகளை எழுத்தால் எழுதுக.

ஊ. செயல்பாடு

ஊரில் உள்ள தாத்தா பாட்டியின் வீட்டை மாதிரியாகச் செய்ய விரும்புகிறீர்கள். வாசற்படியின் உயரம், திண்ணையின் நீளம், கதவின் அகலம், அறைகளின் அளவு ஆகியவற்றை அளந்து எழுதி அனுப்புமாறு வேண்டித் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் ஒரு கடிதம் எழுதுக. விடை வந்தபின், 1:50 விகிதத்தில் அவ்வளவுகளைக் கணக்கிட்டு வரைபடத்தாளில் வரைக.